தொழிலோடு கற்றல்: ஊராட்சியின் பொறுப்பு

கோடை விடுமுறை தொடங்கியதும் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் சிலர் கூலி வேலைக்குச் செல்வதை நம் ஊர்களில் காண்கிறோம். பள்ளி திறந்த பின்னும் அவர்களுள் ஒருசிலர் திரும்புவதில்லை. இதற்கு அஞ்சி, மாணாக்கர் எத்தொழிலையும் தொடலாகாது என்பதும் பொருந்தாது. வேலையின் வாயிலாகக் கற்பது வேறு. கற்கும் வயதில் கூலியாளாவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து நடத்துவது ஊராட்சி உறுப்பினர்களின் கடமையாகும்.

தொழில்வழிக் கல்வி நமக்குப் புதிதன்று. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே பாடத்தின் நடுவில் வைத்தது. தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் அமைந்தது.

இக்கல்விக்கு நம் வயலே தக்க இடம். அறுவடை முடிந்து நிலம் வெறுமையாயிருக்கும் கோடை, மண் மாதிரி எடுக்க ஏற்ற காலம். நெல், கேழ்வரகு, நிலக்கடலை பயிரிடும் நிலங்களில், வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விலக்கி, 10 முதல் 15 இடங்களில் 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழம் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கங்களிலிருந்து சீராக மண் சுரண்டிக் கலந்து பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்க வேண்டும். அரை கிலோ எஞ்சும் வரை இவ்வாறே செய்து, அதனைத் துணிப்பையிலிட்டுப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பலாம். பல இடங்களில் மண் எடுப்பதேன் என்று வினவும் மாணவி சராசரியை உணர்வாள். முடிவு வந்ததும் அமில, காரத் தன்மையையும் உரச் செலவையும் அறிவாள். உழவர்க்கும் வீண் செலவு குறையும்.

ஆயினும் சட்டத்தின் எல்லையை நாம் மறத்தலாகாது. 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துவதை 2016-ல் திருத்தப்பெற்ற சட்டம் தடுக்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத்திற்கு உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளோரைச் சுரங்கம், வெடிமருந்து முதலிய அபாயத் தொழில்களில் ஈடுபடுத்தலாகாது. பிற தொழில்களிலும் ஓய்வு உட்பட நாளொன்றுக்கு 6 மணி நேரத்திற்கு மேல் அவர்களை நிறுத்தி வைத்தல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது. பூச்சிமருந்துத் தெளிப்பானை மாணாக்கர் கையில் கொடாதிருப்பதும் நம் பொறுப்பே.

மே 1-ம் நாள் கிராம சபையில் இதனை விவாதிக்கலாம். தலைமையாசிரியரைக் கலந்து, கற்பிக்க இசையும் உழவர், தச்சர், பால் கூட்டுறவுச் சங்கத்தினர் ஆகியோரின் பட்டியலைத் தயாரிக்கலாம். ஒவ்வொரு மாணாக்கரும் அன்றன்று கற்றதை ஏட்டில் எழுதி வருதல் வேண்டும். எழுத ஒன்றுமில்லையேல், அங்கு நடந்தது வெறும் வேலையே என அறிக.

பள்ளி திறக்கும் நாளில் அவர்கள் அனைவரும் வகுப்பில் இருக்கின்றனரா என்று உறுப்பினர்கள் நேரிற் சென்று காண்பார்களாக. இம்முயற்சிக்கு அதுவே பரீட்சை.