ரெய்டு போட்டால் பேக்கப் ஆகிவிடுமா?

வீட்டு அலுவலகத்தில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் ஆனதும் ரவுட்டர் பக்கத்தில் நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டியான ஒரு நாஸ் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எல்லோருடைய ஃபைலும் ஒரே இடத்தில்; வசதிதான். கூடவே சில தப்பான நம்பிக்கைகளும் வந்துவிடுகின்றன.

நம்பிக்கை: “இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு ரெய்டு செய்திருக்கிறேன். அதுவே பேக்கப்.”

உண்மை: இரண்டு டிஸ்க்குக்கு வழக்கமாகப் போடும் ரெய்டு 1 ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் எழுதுகிறது. ஒன்று பழுதானால் மற்றதை வைத்து வேலை நிற்காமல் நடக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. டாலி கணக்கு ஃபோல்டரைக் கைதவறி அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். வெளியூரிலிருந்தும் ஃபைல் பார்க்கலாமே என்று ரவுட்டரில் போர்ட் திறந்துவைப்பவர்கள் 2022 ஜனவரியை நினைத்துக்கொள்ள வேண்டும். இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த க்யூநாப் நிறுவன நாஸ்களில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் நுழைந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது. போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வாருங்கள். நாஸில் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் இயக்கிவையுங்கள். நேற்றைய நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் அதுவும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது.

நம்பிக்கை: “கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறதே!”

உண்மை: சிங்க் என்பது அழித்ததையும் விசுவாசமாகச் சிங்க் செய்யும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். மார்ச்சில் அழிந்த கணக்கைத் தணிக்கைக்காக ஜூலையில் தேடுபவருக்கு அது போதாது.

நம்பிக்கை: “எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நானே வாராவாரம் காப்பி எடுப்பேன்.”

உண்மை: முதல் மாதம் எடுப்பீர்கள். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கில் டைம் மெஷினும் நாஸுக்குத் தாமாகவே காப்பி அனுப்பும். நாஸிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இரவில் ஓடும்படி நேரம் குறித்துவிடலாம். அப்படி இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றை எப்போதும் வேறு வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க வேண்டாம். கம்ப்யூட்டரும் பேக்கப்பும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும்.

நம்பிக்கை: “பேக்கப் தினமும் ஓடுகிறது, கவலையில்லை.”

உண்மை: புரோகிராமர்களின் கோடைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனமும் அப்படித்தான் நினைத்திருந்தது. 2017 ஜனவரி 31 அன்று அதன் ஊழியர் ஒருவர் முதன்மை டேட்டாபேஸைத் தவறுதலாக அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால் அது பல நாளாகவே ஓடவில்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாரையும் எட்டவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

இன்று மாலையே ஏதாவது ஒரு பழைய இன்வாய்ஸை உங்கள் பேக்கப்பிலிருந்து எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.