வீட்டில் அச்சிடும் வரைபடத் தாள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மில்லிமீட்டர் வரைபடத் தாளில் சிறு கட்டத்தின் பக்கம் 1 மி.மீ.; பத்துக் கட்டங்களுக்கு ஒரு தடித்த கோடு. மாணவர்கள் ‘கிராஃப் ஷீட்’ என்று கேட்டு வாங்கும் இந்தத் தாளைக் கணினியும் பிரிண்டரும் இருந்தால் வீட்டிலேயே அச்சிடலாம். ஆனால் இதைப் பற்றி நிலவும் எண்ணங்களில் சில பாதி சரி, சில முழுத் தவறு.

நம்பிக்கை: திரையில் 1 செ.மீ. என்று அமைத்தால் தாளிலும் 1 செ.மீ. வரும்.

உண்மை: பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் தாளின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அச்சிடுவதில்லை. ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வாகியிருந்தால் படம் அந்த எல்லைக்குள் அடங்கும்படி சுருங்கிவிடும். 216 மி.மீ. அகலமுள்ள அமெரிக்க ‘லெட்டர்’ தாளுக்காக அமைத்த கோப்பை 210 மி.மீ. அகல ஏ4 தாளில் அடக்கினாலும் இதே கதைதான்: 97 சதவீதமாகக் குறையும். எடுத்துக்காட்டாக, காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கப்பல் அணையும் மேடை 710 மீட்டர் நீளம். 1 மி.மீ.க்கு 5 மீட்டர் என்ற அளவுத்திட்டத்தில் அது 142 கட்டங்கள். சுருங்கிய தாளில் அதை அளவுகோலால் அளந்தால் சுமார் 689 மீட்டர்தான் கிடைக்கும். 21 மீட்டர் மேடை காணாமல் போகும். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று தேர்ந்தெடுப்பதே இதற்கு மருந்து.

நம்பிக்கை: அளவு சுருங்கிய தாள் எதற்கும் உதவாது.

உண்மை: கட்டங்களை எண்ணியே குறித்து, கட்டங்களை எண்ணியே படிக்கும் வேலைக்குச் சுருக்கம் பொருட்டல்ல. எண்ணூர்க் கரையில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்மட்டத்தை, 10 கட்டங்களுக்கு ஒரு மணி நேரம் என்று குறித்தால், ஒரு கட்டம் 6 நிமிடம்; தாள் சுருங்கினாலும் அது 6 நிமிடம்தான். உண்மையான பொருளைத் தாளில் வைக்கும்போதுதான் சிக்கல். 20 ச.செ.மீ. பரப்புள்ள அலையாத்தி இலையை 97 சதவீதத் தாளில் வைத்து வரைந்து கட்டங்களை எண்ணினால் 21.3 ச.செ.மீ. என்று வரும். நீளத்தில் 3 சதவீதப் பிழை, பரப்பில் 6 சதவீதத்துக்கு மேல் ஆகிறது.

நம்பிக்கை: எக்செலில் கட்டங்களை ஒரே எண்ணுக்கு அமைத்தால் சதுரம் கிடைக்கும்.

உண்மை: அதில் வரிசையின் உயரம் பாயின்ட் கணக்கு (அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு); பத்தியின் அகலமோ எழுத்துகளின் எண்ணிக்கைக் கணக்கு. இரண்டிலும் ஒரே எண்ணைக் கொடுத்தால் நீள்சதுரமே வரும். ‘பேஜ் லேஅவுட்’ காட்சிக்கு மாறினால் இரண்டையும் சென்டிமீட்டரில் கொடுக்கலாம்.

நம்பிக்கை: 300 டிபிஐ படம் என்றால் கோடுகள் துல்லியமாக இருக்கும்.

உண்மை: 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 1 மி.மீ.க்கு 11.8 புள்ளிகள். அரைப் புள்ளி என்று ஒன்று இல்லாததால், சில கட்டங்களுக்கு 11 புள்ளிகளும் சிலவற்றுக்கு 12 புள்ளிகளும் விழும். 254 டிபிஐயில் 1 மி.மீ.க்குச் சரியாக 10 புள்ளிகள். ஏ4 பக்கம் முழுவதும் 2100-க்கு 2970 புள்ளிகள். இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் கோடுகளாகவே வரைந்து பிடிஎஃப் ஆக்கினால் இந்தக் கணக்கும் தேவையில்லை. கறுப்பு லேசர் பிரிண்டரில் சாம்பல் நிறக் கோடுகள் புள்ளி புள்ளியாகச் சிதறும். மெல்லிய கறுப்புக் கோடே தெளிவாக விழும்.

நம்பிக்கை: ஒருமுறை சரியாக அச்சான தாள் என்றும் அதே அளவில் இருக்கும்.

உண்மை: காகித நார் ஈரத்தை உறிஞ்சி விரியும், நார் ஓடும் திசையைவிடக் குறுக்குத் திசையில் விரிவு அதிகம். கிழக்கே வங்கக் கடலும் மேற்கே உப்பங்கழியும் சூழ்ந்த காட்டுப்பள்ளி போன்ற ஊரில் தாள்களை உறையிட்டு வைப்பது நல்லது. ஜெராக்ஸ் நகலிலும் அளவு சற்றே மாறக்கூடும் என்பதால் மூலக் கோப்பிலிருந்து அச்சிடுவதே சரி.

நம்பிக்கை: வரைபடத் தாள் என்றால் சதுரக் கட்டம்தான்.

உண்மை: ஆலைகளில் குழாய்ப் பாதைகளை வரைய ஐசோமெட்ரிக் தாள் உண்டு. அதில் 10 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தின் உயரம் 8.66 மி.மீ. ஒரு அச்சு மட்டும் மடக்கை அளவில் அமைந்த செமி-லாக் தாளில் 1 முதல் 10 வரையான தூரம் 100 மி.மீ. என்றால் 2-க்கான கோடு 30.1, 3-க்கானது 47.7, 5-க்கானது 69.9 மி.மீ.யில் விழும்.

நம்பிக்கை: வீட்டில் அச்சிடுவதே எப்போதும் லாபம்.

உண்மை: சாதாரண மில்லிமீட்டர் தாள் மொத்தமாக அச்சாவதால் கடையில் மலிவு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வரைபடக் கேள்விக்குத் தேர்வுத் துறை தரும் தாளில்தான் வரைய வேண்டும். ஐசோமெட்ரிக், செமி-லாக் போல அக்கம்பக்கக் கடைகளில் எளிதில் கிடைக்காத தாள்களுக்கே வீட்டு அச்சு கைகொடுக்கும். எந்தத் தாளானாலும் பயன்படுத்தும் முன் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் எஃகு அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் தாளில் நூறு கட்டங்கள் இரண்டு வாக்கிலும் 100 மி.மீ. காட்டினால் தாள் சரி.