பொது நிலமும் சிற்றுயிர்களும்: சட்டம் சொல்வது யாது?

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் வலங்கைமான் வட்டத்தில் குடமுருட்டிக் கரையோர வயல்கள் வெறுமையாகின்றன. ஒளிய இடமின்றி முயலும் கௌதாரியும் வெளிப்படும்; கொக்கும் மடையானும் ஈரம் தேடிக் குளத்துப் புறம்போக்கில் கூடும். அப்போது கண்ணியும் வலையும் எடுத்துச் செல்வோர் கூறும் நியாயம், "ஊர்ப் பொது நிலம், யாரும் பிடிக்கலாம்" என்பது. நிலமுடைய நம் இல்லங்களிலோ, "என் வயல், என் விருப்பம்" என்பர். இரண்டும் பிழையே.

இங்கிலாந்தில் வேட்டை உரிமை பெரிதும் நிலத்தைச் சார்ந்தது. 1880ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒன்று, குத்தகை உழவனுக்கும் தன் வயலில் முயலைக் கொல்லும் உரிமை அளித்தது. நம் நாட்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, நிலத்தைப் பாராமல் உயிரைப் பார்க்கிறது. அட்டவணையில் கண்ட உயிர்களை வேட்டையாடுவதை அதன் 9ஆம் பிரிவு தடுக்கிறது. பட்டா நிலமா, புறம்போக்கா என்று வினவவில்லை. 'வன' என்னும் சொல்லைக் கண்டு, காட்டுக்கு மட்டுமே உரிய சட்டம் என மயங்க வேண்டா. வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. அங்கே தங்கி நம் வயலில் இரை தேடும் கொக்குக்கு, சரணாலய எல்லையைக் கடந்த பின்னும் காப்பு உண்டு.

வேட்டை என்பது கொல்லுதல் மட்டுமன்று. கண்ணி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி ஈர்த்தல், நஞ்சிடுதல், பறவைக் கூட்டைக் கலைத்தல், இவற்றுக்கு முயலுதல் யாவும் அச்சொல்லுள் அடங்கும். முயலை இன்று இரண்டாம் அட்டவணை காக்கிறது. அதனைக் கொன்றால் மூன்றாண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உடும்பும் மயிலும் முதல் அட்டவணையைச் சேர்ந்தவை. அவற்றுக்குச் சிறைத் தண்டனை மூன்றாண்டிற்குக் குறையாது, ஏழாண்டு வரை நீளும். பயிர் அழிகிறதெனில் வனத்துறை அலுவலரிடம் முறையிட 11ஆம் பிரிவு வழி செய்கிறது. அவரது எழுத்து மூல அனுமதியின்றி நாமே கண்ணி வைத்தல் கூடாது.

எலி வேறு வகை. முன்பு ஐந்தாம் அட்டவணை அதனைத் தீங்குயிராகக் குறித்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 1-4-2023 முதல் நடைமுறைக்கு வந்தபோது அவ்வட்டவணை நீங்கியது. ஆயினும் வயல் எலியைப் பிடிக்கத் தடை இல்லை. தஞ்சாவூர்க் கிட்டி வைப்பவர் சட்டத்தின் முன் குற்றவாளி அல்லர்.

நம் அணுவிரதமோ அவ்வளவில் நிற்பதன்று. உழவில் நேரும் இம்சை வேறு. கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை வேறு. பயிர் காக்க எலியைக் கொல்லுதலை விரோதி இம்சை எனக் கொள்வாரும் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. எலி வளை தோண்டுமுன் தடுக்க வழி இருக்கிறதே! வரப்பின் அகலம் ஒன்றரை அடிக்கு மேற்படாமல் செதுக்கி, புல் பூண்டை அகற்றி, வைக்கோற்போரை வயலுக்கு அப்பால் போட்டால் எலிக்கு இடம் குறையும். (ஆந்தை அமரக் கோல் நடுதலையும் வேளாண் துறையினர் பரிந்துரைப்பர். அதை நடலாமா என்று வினவும் இல்லங்கள் உண்டு. இரை தேடுதல் ஆந்தையின் இயல்பேயாயினும், அதற்கென்றே கோல் நடுவது நமக்கு உவப்பன்று.)

"நாங்கள் செய்வதில்லை, குத்தகைக்காரர் செய்கிறார்" என்போர்க்கு ஒன்று கூற வேண்டும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என விரதம் மூன்றையும் விலக்குகிறது. சட்டத்தின் 52ஆம் பிரிவும் வேட்டைக்குத் துணை போவோரைக் குற்றம் செய்தோராகவே கொள்கிறது. ஆகவே முயலுக்கும் கொக்குக்கும் கண்ணி கூடாது என்பதைக் குத்தகை பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

எலி பிடிக்க வரும் குடும்பங்களைக் கடிந்து விரட்டுதல் அறமாகாது. எலிக்குத் தரும் கூலியும் வளையிற் கிடைக்கும் நெல்லும் அவர்களுக்கு உணவு. நடவுக்கு முன் வரப்புச் செதுக்கும் வேலையை அவர்களுக்கே அளித்து, எலிக்குத் தரும் கூலிக்குக் குறையாமல் கொடுக்கலாம்.