எது எப்படி வந்தது? – முதலில் சாப்பாடு, பிறகு சேவை

கேள்வி: எங்கள் ஊர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் சால்வை, கேடயம், குரூப் போட்டோ, பஃபே என்றே பாதி நேரம் போய்விடுகிறது. சேவைக்காகத் தொடங்கிய சங்கம் எப்போது இப்படி மாறியது? (ஈரோடு வாசகர்)

பதில்: மாறியது உண்மைதான், ஆனால் தலைகீழாக. அங்கே சாப்பாடும் அரட்டையும்தான் மூத்தவை. சேவை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலும், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலும் ஓர் இத்தாலிய ஓட்டலில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, யூனிட்டி கட்டடத்தில் 711-ஆம் எண் அறைக்குப் போனார்கள். அது சுரங்கப் பொறியாளர் ஒருவரின் அலுவலகம். தையற்கடை நடத்திய ஒருவரும் சேர, மொத்தம் நாலு பேர். ஹாரிஸ் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தாத்தா, பாட்டியிடம் வளர்ந்தவர். அங்கே கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். சிகாகோவில் கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேச ஆள் கிடைக்கவில்லை. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்று சேர்த்தால் போட்டி இருக்காது, சிநேகமும் வளரும், ஒருவருக்கொருவர் வியாபாரமும் கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. இரண்டாவது கூட்டம் ஹாரிஸின் அலுவலகத்தில், மூன்றாவது ஷீலின் நிலக்கரிக் கிடங்கில். இப்படி முறை வைத்துச் சுற்றியதால் வந்த பெயர்தான் ரோட்டரி. கூட்டம் களையிழந்தால் ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சக உரிமையாளர் எழுந்து பாட்டை ஆரம்பித்துவிடுவார், மற்றவர்கள் கூடப் பாட வேண்டும். வராதவர்களுக்கு அபராதம்.

1906-இல் எழுதிய விதிமுறையில் இரண்டே நோக்கங்கள்: உறுப்பினர்களின் வியாபாரத்தை வளர்ப்பது, தோழமையை வளர்ப்பது. அந்த வருஷம் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேரச் சொல்லி அழைத்தார்கள். விதிமுறையைப் படித்துப் பார்த்தவர், தங்களுக்கு மட்டுமே ஆதாயம் தேடும் சங்கம் நிலைக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார். வேறு ஆட்களாக இருந்தால் ‘பெரிய மனுஷர், போகட்டும்’ என்று விட்டிருப்பார்கள். இவர்களோ ‘நீங்களே உள்ளே வந்து திருத்தி எழுதுங்கள்’ என்றார்கள். சிகாகோ நகரத்தின் நலனுக்குப் பாடுபடுவது என்ற மூன்றாவது நோக்கம் அப்படித்தான் சேர்ந்தது. என்னைக் கேட்டால், ரோட்டரி மேடைகளில் முதல் சால்வை கார்ட்டர் படத்துக்குத்தான் போட வேண்டும்.

கல்கத்தாவில் 1919-இல் தொடங்கிய ரோட்டரி, சென்னைக்கு 1929-இல் வந்து சேர்ந்தது. உங்கள் ஊர் பஃபேயை மன்னித்துவிடலாம், அது பரம்பரைச் சொத்து. சால்வைச் செலவுக்கு வேண்டுமானால் கணக்குக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ரோட்டரி முதன்முதலில் செய்த பொதுச்சேவை எது? மருத்துவமனையா, பள்ளிக்கூடமா? (காரைக்குடி வாசகி)

பதில்: கழிப்பறை. சிகாகோவின் வியாபார மையத்தில் அப்போது பொதுக் கழிப்பறையே இல்லை. 1907-இல் ரோட்டரிக்காரர்கள் மற்ற அமைப்புகளையும் கூட்டிக்கொண்டு நகராட்சியை நெருக்க ஆரம்பித்தார்கள். உடனே பீர் ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள்: ஊரெல்லாம் எங்கள் மதுக்கடைகள் இருக்கின்றன, ஆண்கள் அங்கே போகலாமே! பெரிய ஜவுளிக்கடைக்காரர்களும் எதிர்த்தார்கள்: பெண்களுக்கு எங்கள் கடையிலேயே வசதி உண்டே! போனவர் ஒரு கோப்பை பீராவது வாங்காமல், போனவள் ஒரு கஜத் துணியாவது வாங்காமல் வெளியே வர முடியாது என்பதுதான் சூட்சுமம். வியாபாரிகளின் சங்கமே இதில் வியாபாரிகளை எதிர்த்து நின்றது. 1909-இல் நகரமன்றக் கட்டடத்தை ஒட்டிக் கழிப்பறை திறக்கப்பட்டது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவதிப்பட்ட எந்தப் பெண்ணும் இதைச் சின்ன சேவை என்று சொல்லமாட்டார்.

கேள்வி: அரிமா சங்கம் என்றாலே கண் சிகிச்சை முகாம்தான் நினைவுக்கு வருகிறது. ஏன் கண்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஹெலன் கெல்லர் கேட்டதால். அரிமா சங்கமும் சிகாகோக்காரர் ஆரம்பித்ததுதான். காப்பீட்டு முகவர் மெல்வின் ஜோன்ஸ் 1917-இல் தொடங்கிவைத்தார். உறுப்பினர்களின் பண லாபம் எந்தச் சங்கத்துக்கும் நோக்கமாக இருக்கக் கூடாது என்று முதலிலேயே விதி எழுதிக்கொண்டார்கள். ஆனால் குறிப்பாக எந்தச் சேவை என்பது தெளிவாகவில்லை. 1925-இல் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். ஐந்து வருஷம் கழித்து, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊரில், பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்கத் தவிப்பதை அரிமா ஒருவர் பார்த்தார். கறுப்புத் தடி கார் ஓட்டுபவர்கள் கண்ணில் படவில்லை. தடிக்கு வெள்ளை அடித்து, சிவப்புப் பட்டை போட்டுக் கொடுக்க அவர்கள் சங்கம் ஏற்பாடு செய்தது. ஊர்ச் சட்டமும் அதற்கு ஏற்ப வந்தது.

கேள்வி: பெண்கள் எப்போது ரோட்டரியில் சேர்ந்தார்கள்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வழக்குப் போட்டுத்தான். கலிபோர்னியாவின் டுவார்ட்டே ஊர்ச் சங்கம், ஆள் குறைந்துபோன நிலையில், 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. மறுவருஷமே தலைமை அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. இவர்கள் கலையவில்லை. ‘முன்னாள் ரோட்டரி சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு கூடினார்கள். எங்கள் தோழமை அந்தரங்கமானது, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்று ரோட்டரி வாதாடியது. இத்தனை பேர் வருவதும் போவதும், விருந்தாளிகளை வாராவாரம் வரவேற்பதுமாக இருக்கும் இடம் அந்தரங்கமாகாது என்று 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1989-இல் ரோட்டரி தன் உலகளாவிய விதியையே திருத்தியது.

கேள்வி: ரோட்டரிச் சக்கரத்தின் நடு ஓட்டையில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறதே, ஏன்? (கோவை வாசகர்)

பதில்: லேத் பட்டறை நிறைந்த ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! முதலில் வண்டிச் சக்கரம்தான் சின்னம். பிறகு அது 24 பல்லும் 6 ஆரமும் உள்ள கியராக மாறியது. தண்டோடு பிணைக்க ‘கீவே’ இல்லாவிட்டால் கியர் சும்மா வழுக்கும், எதையும் சுழற்றாது என்று விவரம் தெரிந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். அதனால் அந்த வெட்டையும் வரைந்துவிட்டார்கள்.