வீட்டு உறுதியில் யாருடைய பெயர்?

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீயும் உன் துணைவரும் ஏஜாக்ஸ் வீட்டில் சேர்ந்து இருக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது என்று அம்மா சொன்னா. கலியாணம் எப்போது என்று பெரியம்மா கேட்கப் போவதில்லை. அதைக் கேட்கச் சொந்தத்துக்குள் வேறு ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். ஆனால் வீடு அவர் பெயரில், மோர்ட்கேஜ் அவர் கட்டுகிறார், சாமானும் ஹைட்ரோ பில்லும் உன் பொறுப்பு, போதாததற்கு பேஸ்மென்ற் திருத்த நீ சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்காபரோவில் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் அடித்துச் சொல்வார்: கலியாணம் இல்லாமலே ஒரு வருடம் சேர்ந்து இருந்தால் கொமன்-லோ, கொமன்-லோ என்றால் வீட்டில் பாதி. அந்த ஒரு வருடக் கணக்கு கனடா வரிக்காரருடையது. 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தவர்களை வரிப் படிவத்தில் அப்படிக் குறிக்கச் சொல்கிறார்கள். துணையை ஸ்பொன்சர் செய்யும்போது குடிவரவுத் திணைக்களமும் ஒரு வருடம்தான் பார்க்கிறது. வீட்டில் பங்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம் சொத்துக்கு ஒரு அளவுகோலும் பராமரிப்புக்கு வேறொரு அளவுகோலும் வைத்திருக்கிறது. மூன்று வருடம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர், அல்லது ஓரளவு நிலையான உறவில் பிள்ளை பெற்றுக்கொண்டவர், பிரிந்த பிறகு மற்றவரிடம் பராமரிப்புப் பணம் கேட்கலாம். சொத்துக் கணக்கு கலியாணம் செய்தவர்களுக்கு மட்டும். மணவாழ்க்கையில் கூடிய சொத்தின் பெறுமதியைக் கணக்குப் பார்த்து, அதிகம் சேர்த்தவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் தேடியதேட்டம் என்று நம்மவர்கள் பேசிய விடயத்துக்கு இது தூரத்து உறவு. அங்கும் கலியாணம் இருந்தால்தான் அந்தப் பேச்சு. சேர்ந்து மட்டும் வாழ்ந்தவருக்கு முப்பது வருடம் போனாலும் இந்தக் கணக்கு திறக்காது. நோவா ஸ்கோஷியாவில் பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்து இரண்டு பிள்ளைகள் பெற்ற ஒரு பெண், இப்படி ஒதுக்குவது பாகுபாடு என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனார். கலியாணம் செய்வதும் செய்யாமல் விடுவதும் அவரவர் தெரிவு என்று சொல்லி, 2002இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

அப்படியென்றால் ஒரு வழியும் இல்லையா? உண்டு. அந்த வழியைத் திறந்துவிட்டவர் ரோசா பெக்கர்.

1955இல் மொன்றியலில் ரோசாவும் லோதார் பெட்கஸும் சந்தித்தார்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள். வாடகை, சாப்பாடு, உடுப்பு எல்லாம் ரோசாவின் சம்பளத்தில். பெட்கஸின் சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போனது. 1960 ஆகும்போது அதில் 12,000 டொலர் சேர்ந்திருந்தது. அந்தச் சேமிப்பில் அவர் பெயரில் காணி வாங்கித் தேனீ வளர்த்தார்கள். ரோசா பெட்டி சுமந்தார், தேன் எடுத்தார், தொழில் வளர்ந்தது, இன்னும் காணி வந்தது. எல்லாம் பெட்கஸ் பெயரில்தான். ஒரு கட்டத்தில் பெட்கஸ் 3,000 டொலரை நிலத்தில் எறிந்து, அதையும் ஒரு பழைய வொக்ஸ்வாகன் காரையும் நாற்பது தேனீப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பிறகு சமாதானமாகி ரோசா திரும்பி வந்தார். 1974இல் ஒரேயடியாகப் பிரிந்தார்.

வழக்கை முதலில் கேட்ட நீதிபதி கொடுத்தது 1,500 டொலரும் நாற்பது பெட்டிகளும். பெட்டிக்குள் தேனீ இல்லை! மேல்முறையீட்டில் பாதிப் பங்கு கிடைத்தது. 1980இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஒருவரின் உழைப்பில் மற்றவர் காரணமின்றிப் பணக்காரராக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சட்ட மாணவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் வென்ற காசு ரோசாவின் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. இழுத்தடிப்பிலும் சட்டத்தரணிச் செலவிலும் கரைந்தது. 1986இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

ஒருவர் வாடகையும் சாப்பாடும் பார்க்க, மற்றவர் சொத்து வாங்கிய அந்த ஏற்பாட்டைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்.

2011இல் உச்ச நீதிமன்றம் இந்த வழியை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தியது. அப்போது தீர்ந்த வழக்கு ஒன்றில், துணைவரின் கணினி நிறுவனத்துக்காகப் பெண் தன் வேலையை விட்டு ஹலிஃபக்ஸுக்குப் போய் வீட்டையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். துணைவர் நிறுவனத்தை விற்று ஏறக்குறைய 1.1 கோடி டொலர் பெற்றார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இருவரும் கூட்டாக உழைத்தார்களா, காசு கலந்திருந்ததா, குடும்பத்துக்காக யார் எதை விட்டார்கள் என்று நீதிபதிகள் பார்க்கிறார்கள். கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சீட்டுக் காசுக்கு ரசீது எங்கே?

பராமரிப்புக்கு இவ்வளவு இழுபறி இல்லை. மத்திய அரசின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டிப்படி, பிள்ளை இல்லாத சோடிக்கு வருமான வித்தியாசத்தில், சேர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்றரை முதல் இரண்டு வீதம். ஆறு வருடம் வாழ்ந்து, வருமானத்தில் 40,000 டொலர் வித்தியாசம் என்றால் மாதம் 300 முதல் 400 டொலர், மூன்று முதல் ஆறு வருடத்துக்கு. வழிகாட்டிதான், நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. பிள்ளைச் செலவு வேறு கணக்கு. அதில் கலியாணம் ஆனதா என்று யாரும் கேட்பதில்லை. துணைவர் பராமரிப்புக்கு எப்போதும் ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ரொறன்ரோவில் தனித்தனி வீடு வைத்துப் பதினான்கு வருடம் பழகிய ஒரு சோடியைக்கூடத் துணைவர்களாகவே எடுத்து, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்து வருடப் பராமரிப்பு விதித்தது.

மாகாணம் மாறினால் கதையும் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாலே சேர்த்த சொத்து பாதி பாதி. அங்கிருக்கும் உறவினர் சொல்வதை ஏஜாக்ஸ் வீட்டுக்குப் பொருத்தாதே. கியூபெக்கில் பிள்ளை பெற்ற சோடிக்கு வீடு, தளபாடம், வாகனத்தில் உரிமை வந்ததே 2025 ஜூன் 30இல்தான்.

சாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அபசகுனம் என்று அம்மா முகம் சுளித்தாலும். ஒன்ராறியோவில் உயில் எழுதாமல் ஒருவர் போனால், கலியாணம் செய்யாத துணைக்கு வாரிசுரிமையில் ஒரு சதமும் இல்லை. பிள்ளையும் இல்லையென்றால் அவருடைய அப்பா அம்மாவுக்கு எல்லாம் போகும். இறந்தவரை நம்பி வாழ்ந்தேன் என்று சொல்லி, அந்தத் துணை நீதிமன்றத்தில்தான் பராமரிப்புக் கேட்க வேண்டும்.

எனவே இனி மோர்ட்கேஜிலும் ஒரு பங்கை உன் கணக்கிலிருந்து அனுப்பு. கொடுத்த சீட்டுக் காசை ஒரு மின்னஞ்சலிலாவது அவரை ஒப்புக்கொள்ள வை. அதைவிட நல்லது, சேர்ந்து வாழ்வதற்கான ஒப்பந்தம். எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும், சாட்சி வேண்டும். இருவரும் சொத்தையும் கடனையும் ஒளிக்காமல் காட்டி, ஆளுக்கொரு சட்டத்தரணியிடம் போங்கள். ஒளித்தால் பிறகு நீதிமன்றம் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். வீடு அவருக்கே, போட்ட காசு உனக்குத் திரும்ப என்று எழுதினாலும் சரிதான். நம்பிக்கை இல்லையா என்று அவர் கேட்டால், வங்கியும் அவரை நம்பித்தான் கடன் கொடுத்தது, ஆனாலும் கையெழுத்து வாங்கியது என்று சொல்.

நாளைக்கு நீங்கள் கலியாணம் செய்தாலும் அந்த ஒப்பந்தம் வீண்போகாது. ஒன்ராறியோச் சட்டப்படி அது அப்படியே திருமண ஒப்பந்தமாகிவிடும்.

அன்புடன்,
பெரியம்மா