பழைய டர்போ டீசல் கார்: வீட்டில் செய்யத்தக்கதும் செய்யத்தகாததும்



நம்மில் பலர் வீட்டு வாசலில் இன்று நிற்பது பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய டீசல் கார்தான். காலையில் மார்க்கெட், மதியம் வங்கி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில், விசேஷம் என்றால் சொந்த ஊர் என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான். அப்படிப்பட்ட கார்களில் மாருதி ஸ்விஃப்ட் டீசல் 2007 ஜனவரியில் வந்தது. அடுத்த ஆண்டு டிசையர் வந்தது. இரண்டிலும் இருப்பது இத்தாலியின் ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 சி.சி. டர்போ டீசல் என்ஜின். ரிட்ஸ், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ ஆகிய கார்களிலும் இந்தக் குடும்பத்து என்ஜினே ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆகவே புதிது வாங்க வழியில்லை. இருப்பதைக் காப்பாற்றி ஓட்டுவதே வழி.

பழைய வண்டியைக் காப்பாற்றுவதில் நமக்கு வரும் பெரிய நஷ்டம், காரணம் தெரியாமல் சாமான் மாற்றுவது. இதை நாங்கள் பட்டே அறிந்தோம்.

எங்கள் கடை வண்டி 2010-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். அண்ணன் தம்பி இருவர் நடத்தும் மளிகைக் கடை எங்களுடையது. ஒரு பொங்கலுக்கு முந்தைய வாரம், சரக்கு நெருக்கடியான நேரத்தில், வண்டி திடீரென்று இழுக்க மறுத்தது. மேம்பாலம் ஏறினால் மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. பின்னால் கறுப்புப் புகை. ஒர்க்‌ஷாப்பில் பார்த்த மெக்கானிக், "அண்ணாச்சி, டர்போ போயிடுச்சு. புதுசு போட்டாத்தான் வண்டி இழுக்கும்" என்றார். அவர் சொன்ன தொகை, அந்தப் பண்டிகைக்கு நாங்கள் வெல்லமும் முந்திரியும் கொள்முதல் செய்ய ஒதுக்கியிருந்த பணத்தில் பாதி.

இரண்டு நாள் தவணை கேட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஞாயிறு மதியம் கடை அடைத்த பின், பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் மகன் டார்ச் லைட்டோடு குனிந்து பார்த்தான். "அப்பா, சித்தப்பா, இங்கே பாருங்க, ஓஸ் கிழிஞ்சிருக்கு" என்றான். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டு போகும் ரப்பர் ஓஸ், கிளிப்புக்கு அருகில், கீழ்ப்பக்கமாக ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. புது ஓஸும் இரண்டு கிளிப்பும் போட்டோம். வண்டி பழையபடி இழுத்தது. டர்போவுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த மெக்கானிக்கை நாங்கள் குறை சொல்லவில்லை. நாமும் காரணம் கேட்கவில்லை அல்லவா? கேட்கத் தெரிந்துகொள்ளவே இந்தப் பாடம்.

டர்போ எப்படி வேலை செய்கிறது?

அரிசி ஆலையில் நெல்லிலிருந்து கழிந்த உமியையே எரித்து அடுத்த நடை நெல்லை அவிப்பார்கள். டர்போவும் அதே சிக்கனம்தான். சைலன்சர் வழியே வீணாய்ப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்திய காற்று சூடாகும் என்பதால், இடையில் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. காற்று அதிகம் கிடைத்தால் டீசலை அதிகம் எரிக்கலாம். அதனால்தான் 1.3 லிட்டர் என்ஜின் 75 குதிரைத்திறன் தருகிறது. இந்த முறைக்கு 1905-லேயே காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தச் சிறு அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது என்ஜின் ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. ஆகவே டர்போவுக்கு உயிர் இரண்டு: சுத்தமான ஆயில், சுத்தமான காற்று. டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. இந்த இரண்டில் ஒன்று கெட்டுத்தான் சாகிறது.

புகையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று பொருள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது.

கறுப்புப் புகைக்கு நாமே பார்க்கக்கூடிய வரிசை இது. என்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும்.

1. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மாவு மில், மிளகாய் மண்டி இருக்கும் தெருக்களில் ஓடும் வண்டிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடையும். கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு முன்னதாகவே மாற்றுவது நல்லது.

2. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஓஸ்களை முழு நீளமும் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. கிளிப் தளர்ந்திருந்தாலும் அதே கதைதான்.

3. காற்றின் அளவைக் காட்டும் சென்சாரின் வயர் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறிய ஓ.பி.டி. ஸ்கேனர் வாங்கி வைத்தால், எச்சரிக்கை விளக்கு எரியும்போது என்ஜின் எந்தக் குறையைப் பதிந்திருக்கிறது என்று நாமே படித்துக்கொள்ளலாம்.

4. புகையின் ஒரு பகுதியை மறுபடியும் உள்ளே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து சிக்கியிருக்கலாம். நகர நெரிசலிலேயே ஓடும் வண்டியில் இது சகஜம். கழற்றிச் சுத்தம் செய்வதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

5. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே காற்று நுழையும் ஓஸைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிது ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ தேய்ந்துவிட்டது. ஓஸுக்குள் லேசான எண்ணெய் ஈரம் இருந்தால் பயம் வேண்டாம். தேங்கி நின்றால் கவனிக்க வேண்டும்.

உண்மையிலேயே டர்போ மாற்ற நேர்ந்தால் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பழையது ஏன் போச்சு?" டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் சிறு பைப்பில் கரி அடைத்திருந்தால், அதை மாற்றாமல் போட்ட புது டர்போவும் அதே வழியில் போய்விடும். பைப், ஆயில், ஆயில் ஃபில்டர் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் வடித்தெடுக்க வேண்டும்.

ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள்

லாரிக்கு வாங்கிய மலிவான ஆயிலைக் காருக்கு ஊற்றுவோர் உண்டு. இந்த என்ஜினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கிறது. அந்தச் செயினையும் டர்போவையும் ஒரே ஆயில்தான் காக்கிறது. கையேட்டில் சொன்ன தரத்தையே வாங்குங்கள். கடைக்கும் மார்க்கெட்டுக்குமாகக் குறுகிய தூரமே ஓடும் வண்டிக்கு, சொன்ன கிலோமீட்டருக்குச் சற்று முன்பே மாற்றுங்கள். எங்கள் வண்டிக்கு 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம். வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, டிப் ஸ்டிக்கில் அளவு பாருங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் அரை நிமிடம் பொறுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாய் வந்தால், நிறுத்துமுன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால், அங்கே தங்கிய ஆயில் கரியாகும். இந்த ஒரு பழக்கத்துக்குச் செலவு ஒன்றுமில்லை.

வீட்டில் செய்யத்தகாதவை

இதே வண்டியில் நாங்கள் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒருநாள் முற்றத்து மண் தரையில் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினோம். அண்ணன் மகன் அடியில் கை விட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஜாக்கி மண்ணில் சரிந்து வண்டி இறங்கியது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டிருந்தோம். வண்டி அதன்மேல் உட்கார்ந்தது. பிள்ளையின் கை தப்பியது. அன்று அந்தச் சக்கரம் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வீட்டில் இன்றும் பேசுவதற்கு அஞ்சுவோம்.

ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டுமே. தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும். சிமென்ட் தரை வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும். இவை இல்லாமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

இரண்டாவது, டீசல் பைப்புகள். இந்த என்ஜினில் டீசலின் அழுத்தம் 1,600 பார் வரை போகும். லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல அது நூறு மடங்குக்கும் மேல். ஓடும் என்ஜினில் கசிவு பார்க்க விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இன்ஜெக்டர், உயர் அழுத்தப் பம்ப் இரண்டையும் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, நீலப் புகையை அலட்சியம் செய்யாதீர்கள். டர்போவின் சீல் முழுவதும் போனால், என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக எகிறி ஓடும். சாவியை எடுத்தாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கி விலகி நில்லுங்கள். காற்று உறிஞ்சும் வாயில் கையையோ துணியையோ வைக்காதீர்கள்.

எதை மேம்படுத்தலாம்?

வண்டியின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து குதிரைத்திறனைக் கூட்டித் தருவதாகச் சொல்வோர் உண்டு. பதினைந்து வருட கிளட்சும் கியரும் டர்போவும் அந்தக் கூடுதல் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பதை யோசியுங்கள். மேலும், மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

வண்டி வேகமாய்ப் போவதற்கு முன், சரியாக நிற்க வேண்டும். பழைய அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. ஆகவே முதல் செலவு டயருக்கு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலிருந்தாலும் வயதான ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். இரண்டாவது செலவு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். மூன்றாவது, மஞ்சளடித்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்வது. இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, இரவுப் பயணத்தில் பலன் தெரியும். நான்காவது, பழைய ரப்பர் ஓஸ்களை வெடிக்கும் முன்பே மாற்றி வைப்பது.

ஒரு கணக்கு நோட்டு

நம் கடைக்காக ஓடினாலும், 13 பேர் வரை அமரும் பயணியர் வண்டிக்குச் செய்த சர்வீஸ் பில்லின் ஜி.எஸ்.டி.யைப் பொதுவாக உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. முழுத் தொகையும் நம் கையிலிருந்துதான் போகிறது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஆகவே வண்டிக்கென்று தனி நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், தொகை ஆகியவற்றோடு "ஏன் மாற்றினோம்" என்றும் ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி காலியாக இருந்தால் அந்தச் செலவு சந்தேகத்துக்குரியது.

சரக்கு குறைந்தால், யார் எடுத்தார், எங்கே சிந்தியது என்று விசாரிக்காமல் நாம் அடுத்த மூட்டையை வாங்கி அடுக்குவதில்லை. அந்த விசாரணையைக் காரிடமும் செய்வோம். நமக்குத் தெரிந்த வேலையை நாம் செய்வோம், தெரியாததை நல்ல மெக்கானிக்கிடம் கேள்வியோடு கொடுப்போம். வண்டிக்கு அடியில் போகும் பிள்ளைகளுக்கு முதலில் இரும்பு ஸ்டாண்டு வாங்கிக் கொடுப்போம்.