டிக்கெட் போடுவதற்கு முன்

அறந்தாங்கி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று போனில் நீ பதறிய பதற்றத்தில் எதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. உங்கப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

க்ளீசன் 3+3, பி.எஸ்.ஏ. பத்துக்குள், கட்டி சுரப்பியைத் தாண்டவில்லை. புரோஸ்டேட் புற்றில் இதுதான் ஆகக் கீழ்ப்படி. “கேன்சர்னா வெட்டி எறிய வேண்டியதுதானே மாமா” என்றாய். பிரிட்டனில் 1,643 பேரைப் பிரித்து, சிலருக்கு அறுவை, சிலருக்குக் கதிர்வீச்சு, மீதிப் பேருக்குக் கண்காணிப்பு என்று வைத்து 15 வருஷம் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். உன்னிடம் மறைப்பானேன், நோய் பரவியது கண்காணிப்பில் நூற்றுக்கு 9 பேருக்கு, மற்ற இரண்டிலும் 5 பேருக்கு. அந்தக் கூட்டத்தில் உங்கப்பாவுடையதைவிட முற்றிய ரகமும் இருந்தது.

அறுத்தால் சிறுநீர் சொட்டும். பலருக்கு மாசக்கணக்கில், சிலருக்கு ஆயுசுக்கும். விடியுமுன் சைக்கிள் மிதித்துப் போய் மோட்டார் போடுகிற மனுஷன், வேட்டிக்குள் பேடு வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்காருவாரா? இன்னொன்றும் போகலாம், அதை மகனுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. எல்லாம் கேட்டுத்தான் கண்காணிப்பு போதும் என்றார். உன் பயம் தீர அவர் உடம்பை அறுக்க முடியாது.

சந்தேகமிருந்தால் பயாப்சி ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி அடையாறில் காட்டுவோம். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த நம்ம புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

எனக்குள்ள கவலையே வேறு. கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று உங்கப்பா நினைத்துவிடுவார். ஆறு மாசத்துக்கொரு பி.எஸ்.ஏ., டாக்டர் சொல்லும்போது எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்சி. ஒன்றைத் தவறவிட்டாலும் அர்த்தமில்லை. தையில் அறுப்பு, பங்குனியில் திருவிழா என்று தள்ளுவார். நாட்டு மருந்துக்காரன் வேறு வந்து நிற்பான். ரிப்போர்ட் மாறினால் நானே உன்னை டிக்கெட் போடச் சொல்வேன், அப்போது ஒரு நாள் தாமதிக்காதே.

இப்போதைக்கு அறுவைக்கென்று சேர்க்கும் பணத்தை எம்.ஆர்.ஐ.க்கு ஒதுக்கு. தேதிகளை உன் போனில் குறித்துக்கொண்டு, நீயே கூப்பிட்டு நச்சரி. என் பேச்சைவிட சிங்கப்பூர் போனுக்கு அவரிடம் மரியாதை அதிகம். பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சைக்கிளை நிறுத்திவிட வேண்டும், மிதித்தால் அளவு கூட்டிக் காட்டலாம். சாவியை ஒளித்துவைக்க உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாமா